லொறி மாமாவின் மரணமும் என் முதல் நாவலும்

பேட்டி எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் தவறாமல் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "உங்களைத் தொடர்ந்து எழுத வைப்பது எது?" நானும் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, மலையக மக்களின் தீராத வலி என்று ஆரம்பிப்பேன். (கண்ணாடியைத் துடைப்பது யோசிப்பதுபோல் தெரிவதற்காக.) அந்தப் பதில் முழுப் பொய் இல்லை. ஆனால் உண்மையான பதில் வேறு. நமுனுகுல பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், என் கையால் சாவதற்கு வரிசையில் நிற்கிற சொந்தக்காரர்கள்தான் என்னை விடாமல் எழுத வைத்தவர்கள். இதை எந்தப் பேட்டியில் சொல்ல முடியும்? சொன்னால் பொலிஸ்தான் வரும்.

நான் பதுளையில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். அம்மா கொழுந்து பறித்துப் படிக்க வைத்தாள். அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டதால், எங்களுக்கு ஆண்துணை என்று இருந்தது அம்மாவின் தம்பி செல்லமுத்து மாமா மட்டும்தான். அவர் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டினார். மலையில் பறித்த கொழுந்தை ஏற்றிக்கொண்டுபோய் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இறக்குகிற வேலை. ஊரே அவரை லொறி மாமா என்றுதான் கூப்பிட்டது. வயதில் மூத்தவர்கள்கூட மாமா என்றார்கள்.

பஸ் வராத காலைகளில் லொறியின் முன் சீட்டில் என்னை ஏற்றிக்கொண்டு போய்ப் பாடசாலையில் விடுவார். வழி நெடுக வாய் மூடாது. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கதை வைத்திருந்தார். இந்த வளைவில்தான் வெள்ளைக்காரத் துரையின் குதிரை தமிழ் பேசியது, அந்தப் பாலத்தடியில்தான் ஒரு கங்காணி பேயிடம் கடன் வாங்கினான். மறுநாள் அதே வளைவுக்கு வேறு கதை வரும்.

"நேத்து வேற மாதிரி சொன்னீங்களே மாமா?"

"நேத்து மழை பாப்பா. இன்னைக்கு வெயிலு. கதை மாறத்தானே செய்யும்?"

இலக்கியக் கோட்பாடு என்று பிற்பாடு நான் படித்ததெல்லாம் இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே நான் நாவல் எழுத உட்கார்ந்தபோது, மாமா கேட்காமலே உள்ளே வந்துவிட்டார். முதலில் பெயரை மாற்றிப் பார்த்தேன். ராமசாமி என்று வைத்தால் ஆள் நடக்கவே மறுத்தார். சரி, லொறி மாமாவாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். அவருடைய ஒடிந்த முன்பல், விசில் அடித்தபடி கியர் மாற்றும் பழக்கம், எல்லாவற்றையும் அப்படியே வைத்தேன். பிறகு அவரைச் சாகடித்தேன்.

ஏன் என்று கேட்காதீர்கள். முதல் நாவல் எழுதுகிறவர்களுக்கு, யாராவது ஒரு நல்லவர் செத்தால்தான் அது இலக்கியம் என்று ஒரு நினைப்பு. நாவலில் ஒரு மூடுபனிக் காலையில் லொறி மாமாவுக்கு நெஞ்சு வலிக்கிறது. வண்டியை மலைப்பக்கமாக ஒதுக்கி, பிரேக்கைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கில் சாய்ந்து போய்விடுகிறார். எழுதி முடித்துவிட்டு நானே விம்மி விம்மி அழுதேன். (சொந்த எழுத்துக்கு அழுகிறவர்களை நம்பாதீர்கள்.)

வீட்டில் மூச்சுக்கூட விடவில்லை. எங்கள் குடும்பத்தில் நாவல் படிக்கிறவர் ஒருவரும் இல்லை என்ற தைரியம்தான். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் என் முதல் சிறுகதை வந்தபோது, அம்மா அந்தப் பக்கத்தைத் தகரப் பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் விரித்து வைத்திருந்தாள். "பத்திரமா இருக்கட்டும்னுதான்டி" என்றாள். அதற்குமேல் என் எழுத்துக்கு வீட்டில் மரியாதை கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நாவல் அச்சுக்குப் போன பிறகு, மாமாவுக்கு நிஜமாகவே நெஞ்சு வலி வந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இருதயக் குழாயில் அடைப்பு, கண்டியில் வைத்து நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். நாள் கிடைப்பதற்குள் பாக்கியம் அத்தை, மாமாவின் மனைவி, போகாத கோயில் இல்லை. கடைசியில் நாள் கிடைத்தது. அது என் புத்தக வெளியீட்டுக்கு அடுத்த வாரம்.

புத்தகங்கள் கட்டுக்கட்டாக என் அறைக்கு வந்து சேர்ந்துவிட்டன. ஒவ்வொரு கட்டுக்குள்ளும் மாமா செத்துக் கிடந்தார். விழாவைத் தள்ளிவைக்கலாம் என்று வாயெடுத்தபோது மாமாவே தடுத்துவிட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தி ஒரு நல்ல காரியத்துல இருந்துட்டுப் போறேனே பாப்பா" என்றார். படிக்கமாட்டார்கள், படிக்கவே மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சரிதான், படிக்கமாட்டார்கள். ஆனால் காது இருக்கிறதே, அதை மறந்துபோனேன்.

எங்கள் பக்கத்துப் புத்தக வெளியீடுகளுக்குப் போயிராதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். விளக்கேற்றி, வரவேற்புரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்த பிறகு ஆய்வுரை என்று ஒன்று வரும். ஆய்வுரை செய்கிறவர் நாவலின் கதையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒன்று விடாமல் சொல்லிவிடுவார். முடிவைச் சொல்லாவிட்டால் அவர் புத்தகத்தைப் படிக்கவில்லை என்று சபை சந்தேகப்படும். இவ்வளவுக்கும் பிறகு சனம் எதற்காக அந்தப் புத்தகத்தை வாங்குகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

என் நாவலுக்கு ஆய்வுரை செய்யச் சம்மதித்தவர் தமிழ் மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்குப் படிப்பிக்க வந்து, இங்கேயே ஓய்வும் பெற்றவர். தொண்டை கணீரென்று இருக்கும். எனக்கும் படிப்பித்தவர் என்பதால் அவரிடம் "சேர், அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் விட்டுவிடுங்கள்" என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

விழா ஒரு கோயில் மண்டபத்தில். நான் மேடையில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் ஒரே சலசலப்பு. பார்த்தால், மாமா வருகிறார்! வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, அவருக்குப் பின்னால் எங்கள் லயத்துப் பெண்கள், ஆளுக்கொரு தாம்பாளம். தேங்காய், வாழைப்பழம், பலகாரம், பட்டுச்சேலை. தாய்மாமன் சீர்! வயசுக்கு வந்த பிள்ளைக்குக் கொண்டுவருகிற சீரை, நாவல் எழுதிய பிள்ளைக்குக் கொண்டுவந்திருக்கிறார். நான் மேடையிலிருந்து இறங்கி ஓடினேன்.

"என்ன மாமா இதெல்லாம்? சடங்கு வீடா இது?"

"எங்கக்கா மக மொத மொத புத்தகம் போடுறா. தாய்மாமன் வெறுங்கையோட வந்தா நாலு பேரு என்ன பேசுவான்?"

அத்தை எனக்கு ஆலாத்தி எடுத்தாள். பட்டுச்சேலையை என் தோளில் போர்த்தினாள். அம்மா முன் வரிசையில் உட்கார்ந்து பெருமையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போதே நான் மயக்கம் போட்டு விழுந்திருக்க வேண்டும். விழுந்திருந்தால் விழாவாவது நின்றிருக்கும்.

தமிழ் மாஸ்டர் எழுந்தார். "இந்நாவலின் உயிர்நாடி, லொறி மாமா என்னும் பாத்திரம்" என்று ஆரம்பித்தார். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒடிந்த பல்லைப் பற்றிச் சொன்னதும் லயத்து ஆட்கள் சிரித்தார்கள். விசில் அடித்து கியர் மாற்றுவதைச் சொன்னதும் மாமா பின்னால் திரும்பி, "நான்தாங்க அது" என்று தெரியாதவர்களுக்கெல்லாம் தெரியப்படுத்தினார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பலமாக இருமினேன். மாஸ்டர் திரும்பவில்லை. தண்ணீர்க் கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினேன். நன்றி சொல்லி, குடித்துவிட்டு, முன்னிலும் தெம்பாகத் தொடர்ந்தார்.

"மூடுபனி! நெஞ்சிலே வலி! அந்த வேளையிலும் அந்த மனிதன் வண்டியை ஓரங்கட்டினான். பிரேக்கைப் போட்டான். அதன்பின்..." மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "லொறி மாமா இறந்துபோனார்."

"ஐயோ, என் ராசா!"

பாக்கியம் அத்தைதான். உயிரோடு இருக்கிற புருஷனின் பக்கத்தில் உட்கார்ந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினாள். எங்கள் லயத்துப் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தி குரலெடுத்து அழுதால் மற்றவர்கள் யார், என்ன என்று விசாரித்துக்கொண்டிருக்கமாட்டார்கள். முதலில் தோளைக் கட்டிப்பிடித்து அழுகையில் சேர்ந்துகொள்வார்கள், விபரம் பிறகு. தாம்பாளங்களைத் தரையில் வைத்துவிட்டு எல்லோரும் சேர்ந்தே ஒப்பாரியை ஆரம்பித்தார்கள்.

"ஏய், நான் இங்கதான்டி இருக்கேன்!" என்று மாமா நடுவில் நின்று கத்தியது ஒருவர் காதிலும் விழவில்லை.

மாஸ்டர் தன் பேச்சின் வன்மை என்று நினைத்துவிட்டார். கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "பிள்ளை, இப்பிடி இரசனையுள்ள சபையை நான் ஒருநாளும் காணேல்லை" என்றார். பிறகு கீழே பார்த்து, "உந்த வேட்டி கட்டின மனுசன் ஆர்? ஏன் எழும்பி நிக்கிறார்?"

"அவர்தான் சேர் லொறி மாமா."

"ஐயோ கடவுளே! ஆள் உயிரோடையே இருக்கிறார்?"

நிகழ்ச்சியை நடத்திய இளைஞருக்கு இதெல்லாம் பொருட்டில்லை. அவர் கையில் நிகழ்ச்சி நிரல் இருந்தது. அடுத்தது முதற்பிரதி. "முதற்பிரதியைப் பெற்றுக்கொள்ள, நூலாசிரியரின் தாய்மாமன் செல்லமுத்து அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்!" மாமா படியேறினார். மண்டபத்தில் பாதிப் பேர் எழுந்து நின்று பார்த்தார்கள். முதற்பிரதி வாங்குகிறவருக்கு மாலை போட வேண்டுமில்லையா? பெரிய செவ்வந்தி மாலை ஒன்றை அவர் கழுத்தில் போட்டார்கள். அத்தை அதைப் பார்த்துவிட்டு மயங்கிச் சரிந்தாள். அம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மேடையிலிருந்த என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியாது.

மாமா மைக்கைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. செத்தது நான்தாங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"யாரும் வெசனப்படாதீங்க. உசுரோட இருக்கிறவன செத்துட்டான்னு சொன்னா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்கல்ல? அடுத்த வாரம் கண்டியில என் நெஞ்ச கிழிக்கப் போறாங்க. எம் மருமக அதுக்குத்தான் முன்கூட்டியே ஏற்பாடு பண்ணியிருக்கா."

மண்டபம் கைதட்டியது. தூரத்தில் இருந்தவர்களுக்கு அது நல்ல நகைச்சுவை. நான் பக்கத்தில் நின்றேன். மறுகையால் முதற்பிரதியை நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தார். அவரும் பயந்துதான் போயிருந்தார். என்னைக் காப்பாற்றுவதற்காக அதை மறைத்துக்கொண்டு பேசினார். எனக்கு அந்த இடத்திலேயே புத்தகத்தையெல்லாம் கொளுத்திவிடலாம் போல இருந்தது.

ஊர் திரும்ப வான் வண்டியில் ஏறுவதற்கு முன் அத்தை என்னிடம் வந்தாள். அழுகை நின்றிருந்தது.

"தெரியாம எவனாச்சும் தப்பா சொல்லி ஊருக்குள்ள பரவுச்சுன்னா, அப்பதான்டி ஆயுசு கெட்டி. நீ உக்காந்து, யோசிச்சு, காசு குடுத்து அச்சடிச்சிருக்க. இதுக்குப் பேரு வேற. கண்டிப் பக்கம் நீ வந்துறாத."

அந்தத் தர்க்கத்தில் ஓட்டை இருக்கிறதா என்று இன்றுவரை தேடுகிறேன். அம்மா என் கையைப் பிடித்து, "அவ பயத்துல பேசுறா, விடு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மெல்ல, "ஏண்டி, ஒனக்கு வேற ஆளே கெடைக்கலையா?" என்றாள்.

ஒப்பரேஷனே வேண்டாம் என்று அத்தை பிடிவாதம் பிடித்தாள். கிடைத்த நாளை விட்டால் மறுபடி எப்போது கிடைக்குமோ தெரியாது. மாமாதான் ஒரு வழியாக அவளைச் சமாதானப்படுத்திக் கூட்டிக்கொண்டு போனார். அம்மாவும் போனாள். எனக்கு அனுமதியில்லை.

ஒப்பரேஷன் நடந்த அன்று நான் வகுப்பில் நின்றேன். எதைப் படிப்பித்தேன் என்று ஞாபகமில்லை. எழுத்துக்கு உலகத்தையே மாற்றுகிற சக்தி உண்டு என்று எத்தனையோ மேடைகளில் முழங்கியிருக்கிறேன். அன்றைக்கு, அப்படி ஒரு சக்தியும் அதற்கு இருந்துவிடக் கூடாது என்று கதிர்காமத்து முருகனிடம் மன்றாடினேன். மாமா பிழைத்தால் இனிமேல் ஒரு வரிகூட எழுதமாட்டேன் என்று நேர்ந்தும்கொண்டேன். எழுத்தாளர்கள் பலர் இப்படி ஒரு நேர்த்தி வைத்தால் இலக்கியத்துக்கு நல்லது என்று பிற்பாடு ஒரு நண்பர் சொன்னார்.

பின்னேரம் அம்மா அழைத்தாள்.

"பொழைச்சுக்கிட்டான்டி."

நான் ஆசிரியர் அறையில், எல்லோர் முன்னாலும், வாய்விட்டு அழுதேன்.

அடுத்த நாளும் அழைத்தாள். "கண்ணு முழிச்சு பேச ஆரம்பிச்சுட்டான். மொதல்ல என்ன கேட்டான் தெரியுமா? 'புத்தகத்துல எனக்கு யாரு யாரு அழுதாங்க'ன்னு கேக்குறான்."

மாமா வீடு திரும்பிய பிறகு, லயத்துக்குப் போய் அவருடைய வீடான காம்பராவின் இஸ்தோப்பில், முன் திண்ணையில், உட்கார்ந்து அந்த அத்தியாயத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவரே கேட்டார். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு தன் சாவை முழுதாகக் கேட்டார். சவ ஊர்வலம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ரெண்டாவது கங்காணி அழலையா?"

"இல்ல மாமா."

"அழுவான் பாப்பா. அவன் வெளியிலதான் மொறப்பு. எழுதிக்க."

தப்படிக்கிறவர்களும் போதாது என்றார். அடுத்த பதிப்பில் இரண்டையும் சேர்த்துவிட்டேன். விமர்சகர் ஒருவர் அந்தக் கங்காணியின் கண்ணீரை வர்க்க முரண்பாட்டின் நுட்பமான சித்திரிப்பு என்று எழுதினார்.

வாசித்து முடிக்கும்வரை அத்தை உள்ளேதான் இருந்தாள். பிறகு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். விழாவுக்குப் பிறகு என்னோடு அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. கதவில் சாய்ந்து நின்று சேலைத் தலைப்பை முறுக்கினாள்.

"பாப்பா, என்னைய எப்ப எழுதுவ?"

"எதுக்கு அத்தை?"

"எனக்கும் முழங்கால் வலி தாங்க முடியல. ரத்தத்துல சீனி வருத்தம் வேற இருக்காம்."

முருகனுக்கு வைத்த நேர்த்தி அந்தத் தேத்தண்ணி ஆறுவதற்குள் போய்விட்டது. என் இரண்டாவது நாவலில் பாக்கியம் அத்தை பாம்பு கடித்து இறந்தாள். (மெதுவாகச் சாக விருப்பமில்லை என்று சொல்லியிருந்தாள்.) அத்தை நன்றாக இருக்கிறாள். செய்தி லயம் லயமாகப் பரவியது. லீவுக்குப் போனால், சாப்பிட்டியா என்று கேட்கிற மாதிரி, "என்னைய எப்ப முடிக்கப் போற?" என்று கேட்டார்கள். மூன்றாவது நாவலில் ஒரு லயத்தையே மண்ணுக்குள் அனுப்பச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். குடும்பத்தோடு சேர்த்துப் போட்டுவிட்டால் எல்லோருக்கும் ஆகுமாம். மழைக்கு மலை சரிகிற ஊரில் அதை மட்டும் என்னால் எழுத முடியாது என்றேன். அவரும் புரிந்துகொண்டு, சரி, காய்ச்சலே போதும் என்றார். என் படைப்புகளில் மரணத்தின் மீது ஒரு தீராத ஈர்ப்பு தெரிகிறது என்று ஆய்வு மாணவர்கள் எழுதுகிறார்கள். எழுதட்டும்.

அம்மா மட்டும் என்னிடம் கேட்டதேயில்லை. "நீ எழுதித்தான் நான் இருக்கணுமாக்கும், போடி" என்பாள்.

போன வருடம் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். பதுளை ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்ட்டில் வைத்திருந்தார்கள். மாமா வந்து கட்டிலின் காலடியில் நின்றார். அத்தைதான் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டு, "எழுதுடி. யோசிக்காத, எழுது" என்றாள்.

நான் படித்தவள். இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் வார்ட்டுக்கு வெளியே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து எழுதினேன். அம்மா படுத்திருக்கிறாள் என்று எழுதுவேன். மூச்சு வாங்குகிறாள் என்று எழுதுவேன். அவள் கண்ணை மூடுகிற இடத்துக்கு வந்ததும் அம்மா எழுந்து உட்கார்ந்து, "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்குப் போகக் கூடையைத் தேட ஆரம்பித்துவிடுவாள். ஊரில் அத்தனை பேரையும் கொன்ற கை, அம்மாவிடம் ஓடவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் எழுந்துகொண்டாள். மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், நான் எழுதாமலேயே அம்மா போய்விட்டாள்.

அம்மாவைக் கிடத்தியிருந்த இடத்தில் அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஊருக்கெல்லாம் எழுதுனியே மகளே, ஒன்னப் பெத்தவளுக்கு எழுதலையே" என்று சொல்லி அழுதாள். எழுதியிருந்தால் அம்மா பிழைத்திருப்பாள் என்று நான் நம்பவில்லை. ஆனால் எழுதியிருக்கலாமே என்று நினைக்காத நாள் இல்லை.

இப்போது எழுதிக்கொண்டிருக்கிற நாவலில் அம்மா இருக்கிறாள். கொழுந்து பறிக்கிறாள், கணக்கப்பிள்ளையோடு சண்டை பிடிக்கிறாள், என்னைத் திட்டுகிறாள். பதிப்பாளர் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டுக் களைத்துவிட்டார். முடிக்கிற மாதிரி இல்லை.

மாதாமாதம் கிளினிக்குக்கு வருகிற மாமா, மருந்து எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்குத்தான் வருவார். வந்து உட்கார்ந்ததும், மேசையிலிருக்கிற தாள்களைப் பார்த்து ஒரே கேள்விதான். எங்கள் குடும்பத்தில் இப்போது எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற கேள்வி அது.

"என்ன பாப்பா, அக்கா இன்னும் இருக்காளா?"

"இருக்காங்க மாமா. மலைக்குப் போயிருக்காங்க."

"சரி சரி. அவசரப்படாத" என்பார். பிறகு சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வார்.